காசு கட்டிப் படிக்கிற இடம்

நண்பர் குலேந்திரனுடைய மகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடிய சாமத்திய வீட்டில் வாழ்த்துச் சொல்லவென்று மைக்கைப் பிடித்த இரவீந்திரன், தன் மகள் யதுர்ஷா காசு கட்டிப் படிக்கிற அந்தப் பெரிய வணிகக் கல்லூரிக்குத்தான் போகப்போகிறாள் என்று ஸ்டோவ்னர் மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். பிள்ளை இன்னும் விண்ணப்பமே போடவில்லை. முந்நூறு பேருக்கு முன்னால் விட்ட சொல்லை இனி எந்த வாயால் விழுங்குவது? கையிலிருந்த பலகாரத் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது மனைவி பூமணிக்கு.

வருசத்துக்கு ஐம்பதாயிரம் குரோனர். அதே படிப்பு அரசாங்கக் கல்லூரியில் சும்மா கிடைக்கிற நோர்வே நாட்டில்! யாழ்ப்பாணத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இலவசமாகக் கம்பஸுக்குப் போனார்கள். புள்ளி காணாதவர்கள்தான் காசு கட்டினார்கள். இங்கே அது எப்படித் தலைகீழாய்ப் போனதென்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததை அப்படியே விட்டுவிடுகிற ஆளும் அவள் இல்லை.

பூமணிக்கு வேலை நகரத்தில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தின் கன்ரீனில். திங்கட்கிழமை தொடக்கம், தட்டோடு வந்த ஒவ்வொருவரிடமும் எங்கே படித்தது என்று தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் விசாரித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தொரு பேர். ஏறக்குறையப் பாதிப் பேர் காசு கட்டியவர்கள், மிச்சப் பேர் கட்டாதவர்கள். எல்லாரும் ஒரே மீனைத்தான் தின்றார்கள்.

அன்று பின்னேரம் எல்லிங்ஸ்ருட்டில் இருந்த தங்கள் வீட்டில், வழக்கை வென்றவள் போல இதைச் சொன்னாள். யதுர்ஷா கேட்டாள்.

“அம்மா, அந்த முப்பத்தொரு பேரிலை எங்கடை நிறத்திலை எத்தினை பேர்?”

பூமணி ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை.

கோடை விடுமுறை வேலைக்கு இருபத்திரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டதை யதுர்ஷா அப்போதுதான் சொன்னாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவளைவிடப் புள்ளி குறைந்த வகுப்புத் தோழியை மூன்று இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“என்ரை பேரைக் கண்ட உடனை கடதாசியை அங்காலை வைக்கினம். அந்தக் கல்லூரி எண்டு போட்டிருந்தால் மிச்சத்தையும் வாசிப்பினம். அப்பா மைக்கிலை சொன்னதுக்காக நான் கேக்கேல்லை. லோனை நானே எடுத்து நானே கட்டுறன்.”

தன் பிள்ளையின் கடதாசியை ஒருத்தர் முழுதாய் வாசிக்க வருசம் ஐம்பதாயிரமா?

“கல்லூரிக்குப் போடப் பதினைஞ்சாம் திகதி மட்டும் நாள் கிடக்கு,” என்றாள் பூமணி. “கோடை வேலைக்கு எழுதினதிலை ஒண்டை முதல் எனக்குத் தா.”

திங்கள் மதியம் கன்ரீனில், அந்தக் கணக்காய்வு நிறுவனத்துக்கு ஆட்களை வேலைக்கு எடுக்கிற பெண்மணி வரிசையில் வந்து தட்டை நீட்டினாள். பூமணி அந்தத் தட்டில் கடதாசியை விரித்து வைத்து, இது என் மகள், வாசி என்றாள். பின்னால் ஒன்பது பேர் பசியோடு நின்றார்கள். யாரோ செருமினார்கள். பூமணி அகப்பையைச் சட்டிக்குள் அமிழ்த்திப் பிடித்தபடி, அந்தப் பெண்ணின் கண், பேர் இருந்த முதல் வரியைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.