குடோவுக்கு வலிக்கவே இல்லையாம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. அகிதா நகரத்தில் புற்றுநோய் அறுவை மருத்துவராக இருக்கும் என் நாத்தனார் மியோ, சாப்பிடும்போது பாதி சொல்லி நிறுத்தியதைத் திருடிக்கொண்டேன். பெயர்களை மாற்றிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிய அந்தக் காலையில், குடோ தன் மரணத்தை...'

வேண்டாம். பனிக்குப் பேர்போன ஊர்தான். அதற்காக அகிதா என்றால் உடனே பனியா?

இரண்டாவது: ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் தெட்சுரோ குடோவுக்கு இரைப்பையை எடுத்துச் சில நாள்கள்தான் ஆகின்றன. பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் கணையம் லேசாகக் காயப்பட்டாலும் அதன் நீர் கசியும். சோற்றைக் கரைக்கும் நீர் உள்ளேயிருக்கும் ரத்தக்குழாயையும் அரித்துவிடும். கசிவைக் காட்டிக்கொடுக்க வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். இன்று மியோ அதை உருவப்போகிறாள்.

3

"எங்கயாச்சும் வலிக்குதா, ஐயா?"

"சேச்சே, துளிகூட இல்ல டாக்டர். உங்க கைராசி அப்படி!" கட்டிலில் மண்டியிட்டு வணங்கக் குனிந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

(இங்கே மியோவே அவர் பொய்யைத் துப்பறிவதாக எழுத ஆசைப்பட்டேன். அவள் சிரித்தாள். "எனக்கும் அவர் சொன்னதை நம்பத்தான் ஆசை அண்ணி. நம்ம வேலை சுத்தம்னு சொன்னா யாருக்குத்தான் கசக்கும்?")

மனைவி ஃபுசாயேதான் வெடித்தாள். "பொய் சொல்றாரு டாக்டர்! முதுகுல குத்துதுன்னு விடிஞ்சதுலேர்ந்து முனகல். வலின்னு சொன்னா உங்க வேலையைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுமாம்!"

"ஏய், சும்மா இரு. டாக்டர் மனசு என்ன பாடுபடும்?"

"நீங்க செத்தா மட்டும் அவங்க மனசு குளுந்துடுமா?"

மியோ குழாயிலிருந்து கையை எடுத்தாள். அதில் வடிந்த நீர் கலங்கிச் சிவந்திருந்தது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. "ஐயா, நீங்களே மறைச்சா, உள்ள நடக்கறதை எனக்கு வேற யாரு சொல்லுவா?"

சோதனையில் அந்த நீரில் கணைய நொதி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஸ்கேனிலும் கணையத்தருகே நீர் தேங்கியிருந்தது. கசிவேதான்.

4

குழாய் அங்கேயே இருக்கிறது. கஞ்சியை நிறுத்திவிட்டார்கள். மருந்து ஏறுகிறது.

முடிவு ஒன்று: கசிவு மெல்ல அடைபட்டு, குடோ ஃபுசாயேவிடம் திட்டு வாங்கியபடி வீட்டுக்கு நடக்கிறார்.

முடிவு இரண்டு: அரிபட்ட ரத்தக்குழாய்...

என்னால் இதை எழுத முடியவில்லை. எது நடந்தது என்று மியோவும் சொல்லவில்லை. கேட்டதும் தட்டுக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்த முடிவானாலும், மறுநாள் மியோ வந்து கேட்கும்போது, "வலிக்குது டாக்டர்" என்று அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்லட்டும். அதற்கு அவள் நன்றி சொல்லட்டும்.