இலை பொறுக்கப் போன நாள்

வகுப்பிலை வாயே திறக்காத பிள்ளைக்குத் தாய் பக்கத்திலை நிண்டால் கொஞ்சம் தெம்பு வரும் எண்டு ரீச்சர் மிஸ் பார்க்கர் கேட்டபடியால்தான் நான் போனனான். இல்லாட்டில் அந்தக் குளிருக்குள்ளை இலை பொறுக்க ஆருக்கு விசர்? தொண்ணூற்றொண்டு ஐப்பசி. நாங்கள் லண்டனுக்கு, வால்தம்ஸ்டோவுக்கு வந்து ஆறு மாசம்தான். 'இலையுதிர் காலம்' எண்டு வகுப்புச் சுவரிலை ஒட்டுறதுக்குப் பழுத்த இலை வேணுமாம். கூட்டித் தள்ளுற குப்பைக்குப் பசையும் கலர்ப் பேப்பரும்!

பிள்ளையள் இரண்டு இரண்டாய்க் கை கோத்துக்கொண்டு பார்க்குக்குள்ளை போச்சுதுகள். என்ரை கோதைக்கு ஆறு வயது. அவளின்ரை சோடி டேனி எண்ட கொழுகொழு வெள்ளைக்காரப் பெடியன். சளி பிடிச்சு, மூக்கடைச்சு, வாயைத் திறந்துகொண்டே திரியிறவன். அவன்ரை தாயும் எங்களோடை வந்தவ. கோதை ஒரு சிவப்பு இலையை எடுத்து அவனுக்குக் குடுத்துச் சிரிச்சாள். என்ரை கண்ணூறே பட்டிடும் எண்டு நான் மற்றப் பக்கம் பாத்தன்.

அந்த நேரம் பொலிஸ் ஹெலிகொப்டர் ஒண்டு வந்தது. ஆரையோ தேடிக்கொண்டு மரங்களுக்கு மேலாலை தாழப் பறந்தது. பிள்ளையளெல்லாம் கை காட்டிக் கத்துதுகள். ஊரிலை சண்டைக்குள்ளை ஆமியின்ரை ஹெலி இப்பிடித்தான் தாழ வந்து சுடும். இது லண்டன், இது லண்டன் எண்டு சொல்லிக்கொண்டு மரத்தைப் பிடிச்சபடி கண்ணை மூடினன். திறக்கேக்கை கோதையைக் காணேல்லை. டேனியையும் காணேல்லை.

மிஸ் விசில் ஊதினா. எல்லாரும் பேர் சொல்லிக் கத்திச்சினம். நானும் தொண்டை கிழியக் கூப்பிட்டன். "கோதை! அம்மா கூப்பிடுறன், வெளியிலை வா பிள்ளை!"

கூப்பிட்ட வாய் அப்பிடியே நிண்டிட்டுது. ஐயோ, அவள் வரமாட்டாள். ஊரிலை சொல்லிக் குடுத்தது நான்தானே. ஹெலி சத்தம் கேட்டால் பள்ளத்துக்குள்ளை படு. நான் கூப்பிட்டாலும் வராதை, ஆமிக்காரன் துவக்கை நீட்டி என்னைக் கூப்பிட வைப்பான். பக்கத்திலை ஆரும் அழுதால் வாயைப் பொத்து. குண்டுக்கு ஒளிக்கிற பங்கருக்குள்ளை எத்தினை தரம் அவளின்ரை வாயை நான் அப்பிடிப் பொத்தினனான்!

டேனிக்கு வாயாலை மட்டும்தான் மூச்சு.

நாங்கள் கத்தக் கத்த அவள் இன்னும் இறுக்கிப் பொத்துவாள். "நோ சவுண்ட்! நோ சவுண்ட்!" எண்டு ஓடிப்போய் மிஸ்ஸின்ரை வாயிலை இருந்த விசிலைப் பறிச்சன். டேனியின்ரை தாய் என்னைப் பிடிச்சுத் தள்ளினா. விசரி எண்டு நினைச்சிருப்பா, நினைக்கட்டும். அவவின்ரை காலைப் பிடிச்சுக் கும்பிட்டன். அதுக்குப் பிறகுதான் ஒரு மாதிரிச் சத்தம் அடங்கிச்சுது.

வேலிக் கரையோடை ஒரு வாய்க்கால், அது நிறைய இலை. ஒண்டும் அசையேல்லை. பள்ளம் எண்டால் அதுதான் பள்ளம். குதிச்சு இறங்கி இரண்டு கையாலையும் வாரி எறிஞ்சன். முதல் ஒரு சப்பாத்து. பிறகு கோதையின்ரை முதுகு. அவனை மூடிக்கொண்டு கவிண்டு கிடக்கிறாள். கை அவன்ரை வாயிலை. பெடியன்ரை முகம் நீலம் பாரிச்சுப் போச்சு.

அவளின்ரை விரலை ஒவ்வொண்டாய்க் கழட்ட வேண்டியிருந்தது. டேனி கண் திறக்கேல்லை. தாய் அவனைப் பறிச்சுத் தோளிலை போட்டு முதுகிலை அடிச்சா. கடவுளே, கடவுளே. ஒரு இருமல். பிறகு பெரிய அழுகை. அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கும் மூச்சு வந்தது.

கோதை சட்டையைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

"அவன் அழப் பாத்தவன் அம்மா, நான் விடேல்லை. ஆமிக்குக் கேட்டிருக்காது, என்ன?"

கெட்டிக்காரி எண்டு நான் சொல்லுவன் எண்டு என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். பங்கராலை வெளியிலை வரேக்கை நான் அப்பிடித்தான் சொல்லுறனான்.

வீட்டை போவம் எண்டு கையை நீட்டினாள். அந்தச் சின்னக் கையைத் தொட எனக்குப் பயமாய் இருந்தது.