டேங்குக்குப் போட்ட பூட்டு

சலூனில் மூன்று பேர் காத்திருந்தார்கள். இன்னொருவர் கன்னம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் தச்சர் உள்ளே நுழைந்தார்.

“என் வண்டில என்னத்தடா ஊத்தித் தொலைச்சே?”

சலூன்காரன் அவர் மனைவியின் தம்பி. கத்தியைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

“என்ன மாமா, என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சா? மேடு வந்தா செத்துச் செத்து நிக்குது. அலமாரிய ஏத்திக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறேன், பின்னாடி வர்றவனெல்லாம் ஹார்ன் அடிச்சே காதைக் கிழிக்கிறான். வீடு மாத்தணும்னு வாங்கிட்டுப் போனே. டேங்க் நிறைய ஊத்திட்டேன்னு பெருமையா வேற சொன்னே. பெட்ரோலா அது? பாதி தண்ணி!”

“பங்க்லதான் மாமா போட்டேன்.”

“போட்டே! எவன் மலிவா குடுத்தானோ அவன்கிட்ட கேன்ல வாங்கி ஊத்தியிருப்பே. உன் புத்தி எனக்குத் தெரியாதா?”

காத்திருந்தவர்கள் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். மைத்துனனுக்குக் காது மடல் சிவந்தது. நாற்காலியில் இருந்தவரிடம், “கொஞ்சம் தலையைச் சாய்ங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். தச்சருக்கு அது போதவில்லை. வாசலில் நின்று, “இனிமே வண்டி கிண்டின்னு என் பக்கம் வந்துடாதே” என்று இன்னொரு முறை கத்திவிட்டுத்தான் படி இறங்கினார்.

அந்தப் பிக்கப் அவர் கல்யாணத்துக்கும் மூத்தது. கதவைச் சாத்தினால் தெரு முனைவரை கேட்கும். ஆனால் கட்டிலோ அலமாரியோ, எதை ஏற்றினாலும் முகம் சுளிக்காமல் கொண்டுபோய் இறக்கிவிடும். அது இப்படி நடுவழியில் கழுத்தை அறுக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அரைமணி நேரம் நன்றாக ஓடும், மேட்டில் இருமும், நின்றுவிடும். பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். எதைக் கேட்டாலும் ‘பாக்கலாம்’ என்பதால் ஊரில் அவனுக்குப் பாக்கலாம் என்றே பெயர். பாக்கலாம் பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்தான். வந்தது. வண்டியை மேடு வரைக்கும் ஓட்டிப்போய், நின்ற இடத்திலேயே கார்பரேட்டரைத் திறந்தான். உள்ளே காய்ந்து கிடந்தது.

“டேங்க்ல இருக்கு. இங்க வந்து சேரல” என்றான்.

“தண்ணி கலந்திருக்கும்.”

“பாக்கலாம்.”

டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் பெட்ரோல் அப்படியே தெளிவாக நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் பிரியவில்லை.

“சுத்தமா இருக்குங்க.”

“அடியில தங்கியிருக்கும், உனக்குத் தெரியாது” என்றார் தச்சர். பாட்டிலை அவர் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

பாக்கலாம் பில்டரை மாற்றினான். பம்பைப் பிரித்துப் பூட்டினான். குழாயில் காற்றடித்தான். டேங்கின் அடியில் இருந்த ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. அதையும் மாற்றிவிட்டு, “இதுல சொட்டிச் சொட்டியே பாதி டேங்க் போயிருக்குமே, கீழ ஈரம் பாக்கலையா?” என்று கேட்டான். தச்சர் பட்டறையில் வண்டி நிற்கும் இடத்தில் மரத்தூள் ஒரு சாண் கிடக்கும். எத்தனை சொட்டினாலும் அது குடித்துவிடும். வாடை அடித்தபோது வார்னிஷ் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு மேசை ஒன்றை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறும்போது வண்டி மறுபடி நின்றது. தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். பெட்ரோல் முள்ளை நம்பாமல், எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க, சாவி போட்டு டேங்க் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு. டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

போய்ச் சாவியைத் திருப்பினார். இரண்டே சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது.

மூடியைக் கையில் எடுத்து உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. பழைய மூடியில் ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை இருந்தது. இதில் இல்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வர வழியில்லாமல் டேங்க் தன் பெட்ரோலைத் தானே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. மூடியைத் தளர்த்தி, துணி சுற்றி ஓட்டினார். மேசையை இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது அதே மேட்டில் இரண்டு தடவை வேண்டுமென்றே ஏறினார். வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவருக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் அந்தப் பூட்டு மூடியை வாங்கி மாட்டியவர் அவர்தான். மைத்துனன் வண்டியைத் திருப்பி விட்டுப்போன இரண்டாம் நாள் பெட்ரோல் முள் பாதியில் நின்றது. நிறைய ஊத்தினேன் என்று பொய் சொன்னானா, இல்லை பின்னால் வந்து உறிஞ்சிக்கொண்டு போனானா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய் வாங்கி வந்தார்.

பழைய மூடியை மாட்டினார். புதியதைத் துருப்பிடித்த ஆணிகளோடு டப்பாவில் போட்டார்.

“வண்டி சரியாயிடுச்சா?” என்றாள் மனைவி.

“ம். ஏதோ அடைப்பு.”

அதோடு முடிந்திருக்கும். நான்காம் நாள் மைத்துனனே பட்டறைக்கு வந்தான். கையில் ஒரு புது பில்டர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மாமா, அந்த பங்க்ல போய் சண்டை போட்டுட்டு வந்தேன். அவங்க ஒத்துக்கல. ஆனா நான் ஊத்தினதுக்கு அப்புறம்தானே இப்படி ஆச்சு. தெரிஞ்சு பண்ணல மாமா. மன்னிச்சிடுங்க.”

சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். வாயில் வந்ததோ வேறு.

“சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு.”

மன்னித்தே விட்டார்! மைத்துனன் முகம் தெளிந்து போனதைப் பார்க்க முடியாமல், அவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டார். அன்று ஒரே பலகையை இரண்டு தடவை தப்பாக அறுத்தார்.

“தம்பி சொன்னான்” என்று மனைவி மறுநாள் சோறு போட்டபடி சொன்னாள். “பெரிய மனசு பண்ணி விட்டுட்டீங்களாமே. நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்.”

தட்டைப் பார்த்துக்கொண்டே மூடியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க நின்னு கத்தினீங்களோ அங்க போய் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை, சலூனில் உட்கார இடமில்லாத நேரமாகப் பார்த்துப் போனார். அன்று இருந்தவர்களில் இருவர் இன்றும் இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒருவர் பேப்பரைத் தேடினார்.

“எல்லாரும் கேளுங்க” என்றார் தச்சர். குரல் பிசிறியது. “அன்னைக்கு நான் கத்தினது தப்பு. இவன் ஊத்தினது நல்ல பெட்ரோல். ஹோஸ் ஒழுகியிருக்கு, நான் கவனிக்கல. வண்டி நின்னது நான் மாட்டின பூட்டு மூடியால. அதுல காத்து போக வழியில்ல. இவன் வந்து மன்னிப்புக் கேட்டப்பவே எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல.”

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. மைத்துனன் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான்.

“டேங்குக்கு எதுக்கு மாமா பூட்டு?”

இந்தக் கேள்வி வரும் என்று வழி நெடுக அவருக்குத் தெரிந்திருந்தது.

“நீ எடுக்கறியோன்னு நினைச்சேன்.”

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மைத்துனன் சீப்பில் ஒட்டியிருந்த முடியைத் தட்டினான்.

“புது வீட்டுச் சாவி ஒண்ணு உங்ககிட்டதான் குடுத்து வச்சிருக்கேன்” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். “சரி, போங்க மாமா. ஆளுங்க காத்திருக்காங்க.”

அதற்குப் பிறகும் அவன் அக்காவைப் பார்க்க வந்தான், சாப்பிட்டான், மாமா என்றுதான் கூப்பிட்டான். வண்டியை மட்டும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, கடைக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கியவன், எவனுடைய வாடகை வண்டியிலோ ஏற்றிக்கொண்டு பட்டறை வழியாகவே போனான். தச்சரின் பிக்கப் வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அவர் இழைப்புளியைப் போட்டுவிட்டு, மரத்தூள் படிந்த சட்டையோடு பின்னாலேயே நடந்தார். சலூன் வாசலில் டிரைவர் கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் தூக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். தச்சர் ஒன்றும் கேட்காமல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டார்.

மறுமுனையில் மைத்துனன் ஒரு கணம் நின்றான்.

“பாத்து மாமா” என்றான். “படி இருக்கு.”