இத்தாலியா, ஜெர்மனியா

ஆம்பூர் ஷூ கம்பெனியில் யாரும் நாடுகளை வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. சரக்கை வாங்குவதற்கு முன் சோதிக்க வருகிற வெளிநாட்டு பையர் நடந்துகொள்ளும் விதம்தான் அவனுடைய நாடு.

அங்கே வேலை பார்க்கும் இன்பராஜுக்கு இத்தாலி, ஜெர்மனி இரண்டு நாடுகளிலும் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முடித்தால் அங்கேயே வேலை தேடலாம். மாலைக்குள் பதில் போட வேண்டும். மனைவி ஷர்மிளா இறந்து பதினான்கு மாதம். மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. எந்த நாடாக இருந்தால் என்ன என்றிருந்தது அவனுக்கு.

சாப்பாட்டு நேரத்தில், குழந்தைகளுக்கான ஷூ தைக்கும் லைனில் விஷயத்தைச் சொன்னான்.

“இத்தாலிதான்,” என்றாள் முனியம்மா, டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு. “அந்தாளு கத்துவான். ஆனா நம்மகூட குந்தி பிரியாணி துன்னுவான். ஜெர்மனிக்காரன் ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கானா?”

“வயித்துக்கு ஆவாதுன்னு பயம்,” என்றான் இன்பராஜ்.

“பேஜார் புடிச்சவன். ஒரே ஒரு நூல் முடிச்சுக்கு நானூறு ஜோடியத் திருப்பி அடிச்சானே! ஒவ்வொரு ஷூவுலயும் விரல வுட்டு நோண்டிக்கினு.”

சூப்பர்வைசர் பக்ருன்னிசா நிமிர்ந்தாள். அந்த நானூறு ஜோடியையும் உட்கார்ந்து சரிபார்த்தவள் அவள்.

“ஏன் நோண்டறன்னு ஆபீஸ்காரர வுட்டுக் கேட்டேன். சின்னப் புள்ளைக்கு இன்னா குத்துதுன்னு சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும்னான்.” இன்பராஜைப் பார்த்தாள். “பாப்பாவை இட்டுனு போறதுன்னா ஜெர்மனிக்குப் போ இன்பா. தனியாப் போறதுன்னா எங்க வேணா போ. பிரியாணி துன்னு.”

“அத்தை பாத்துப்பாங்கக்கா.”

“அவங்க பாத்துப்பாங்க. நீ யாரப் பாத்துப்ப?”

இன்பராஜ் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான். காலையில் பாப்பா செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஓடி வந்ததும், மாமியார் தூக்கிக்கொண்டு போனதும் நினைவில் இருந்தன. அவன் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறியிருந்தான்.

கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தான். ஜெர்மனிக்கு எழுதினான். வருகிறேன். மகளுடன் வருகிறேன். அவளைச் சேர்க்கப் பக்கத்தில் பள்ளி உண்டா?

“இன்னா எழுதற?” என்று எட்டிப் பார்த்தாள் முனியம்மா.

சொன்னான்.

“அப்படியே, ரசம் சோறு குடுப்பாங்களான்னும் கேளு.”

“அத நான் வெச்சுக் குடுக்கறேன்.”

“உனக்கு வெக்கத் தெரியுமா?”

“தெரியாது. சொல்லு.”

முனியம்மா புளியிலிருந்து ஆரம்பித்தாள். புளியே வேண்டாம், தக்காளி போதும் என்றாள் பக்ருன்னிசா. மணி அடிக்கும்வரை அது முடிவாகவில்லை.