முகத்துவாரத்து வண்டல்

1986 மார்ச் 11 அன்று, கோலா சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் அள்ளிய ஒரு லிட்டர் நீரில் 212 மில்லிகிராம் வண்டல் இருந்தது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் அது தொண்ணூறுதான். ஆற்றின் மேல்பக்கம் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடும் தோட்டத்து மண்தான் கரைந்து வருகிறது என்று ஆற்று நீரைச் சோதிக்கும் அலுவலகம் முடிவுகட்டியிருந்தது. ஏப்ரலில் அறிக்கை போனால் நடவு நின்றுவிடும். அங்கே குழி வெட்டும் அர்ஜுனனுக்கும் தோட்டத்து லயத்து வீடுகளில் பாதிப் பேருக்கும் வேலை போய்விடும். அந்த நீரை அள்ளி, வடிகட்டி, காயவைத்து நிறுப்பவள் அர்ஜுனனின் தங்கை கலாவதி.

“ஒன் தராசு எங்க சோத்துல மண்ண போடுது” என்று சிரித்துக்கொண்டே சொன்ன அண்ணன், பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

பிப்ரவரியில் ஒரு நாள் மட்டும் 98 வந்தது. வடிதாள் கிழிந்திருக்கும் என்று அதை ஒதுக்கியிருந்தாள். இப்போது அது உறுத்தியது. மறுநாள் படகில், முகத்துவாரத்தை அடைந்ததும் படகோட்டி செல்லனைக் கேட்டாள்.

“செல்லண்ணே, போன மாசம் ஒரு நாளு நேரங்கழிச்சித் திரும்பினோமே, ஏன்?”

“தண்ணி அள்ளுற எடத்துலயே பெட்ரோலு தீந்து மோட்டார் நின்னுச்சே! நீ துப்பட்டாவ ஆட்டி மீன்காரனக் கூப்பிட்டத பாத்து சுங்கை செம்பிலாங் ஊரே சிரிச்சிச்சுலா.”

கலாவதி சிரிக்கவில்லை. படகின் பின்பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் அதன் விசிறி அடிச்சேற்றைக் கிளறிவிட்டது. அவள் எப்போதும் போத்தலை முக்குவது அதன் பக்கத்தில்தான்.

“இந்த மோட்டார் எப்ப வாங்குனது?”

“மூணு வருசமாச்சி. அதுக்கு முன்ன துடுப்புதான்.”

“நிப்பாட்டுங்கண்ணே.”

“நிப்பாட்டுனா படகு சேத்துல ஏறிக்கும். ஒருக்கா அப்படித்தான், தண்ணி ஏறுற வரைக்கும் குந்திக் கெடந்தேன். கொசு தின்னுப்புடுச்சி. அன்னையிலேர்ந்து நிப்பாட்டுறதே இல்ல.”

“நங்கூரம் எதுக்கு, அழகு பாக்கவா?”

மோட்டாரை நிறுத்திவிட்டு அள்ளினால் பழைய அளவு வரும் என்று அவளுக்குத் தோன்றியது. வரவேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அந்த ஆசைதான் பயமுறுத்தியது. கரை திரும்பியதும் நேரே அலுவலக அதிகாரி உமாபதியிடம் போனாள்.

“சார், எங்கண்ணன் அந்தத் தோட்டத்துல இருக்காரு. நான் எடுத்தா சரிப்படாது. நீங்களே அள்ளி, நீங்களே நிறுங்க.”

“எனக்குப் படகுன்னா வாந்தி வரும், தெரியும்ல?”

“பை கொண்டாரேன் சார்.”

உமாபதி இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஆனாலும் நங்கூரம் போட்டு, மோட்டாரை நிறுத்தி, நீர் தெளியும்வரை காத்திருந்து முன்பக்கத்தில் ஒரு போத்தல் அள்ளினார். மோட்டாரை ஓட்டச் சொல்லிப் பின்பக்கத்தில் இன்னொன்று. காயவைத்து எடைபோட்டபோது முதலாவது 104, இரண்டாவது 209. அடுத்த வாரமும் ஏறத்தாழ அதுவே வந்தது.

“வண்டல் கூடித்தான் இருக்கு. ஆனா கொஞ்சம்தான்” என்றார்.

கலாவதி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மோட்டார் ஓடும்போது எடுத்த அளவுகள் ஏப்ரல் அறிக்கையில் சேர்க்கப்படவில்லை. ஆற்றோரம் இரண்டு வரிசை நடாமல் விடும்படி தோட்டத்துக்குச் சொல்லப்பட்டது. மீதி நிலத்தில் அர்ஜுனன் குழி வெட்டினான்.