ஸிராஜின் தொட்டியும் ஸகியாவின் அலுமாரியும்

கல்முனைக் கரையோரத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஸிராஜ் மேற்பார்வையாளர். காலையில் வந்ததும் கடைசித் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஊரின் குசினித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சொல்லக் கூசுகிற தண்ணீரும் கறுப்பாக வந்து, அங்கிருந்து பளிங்காக வெளியேறும். பெற்ற மகனைப் பற்றிக்கூட மனிதர் அவ்வளவு பெருமையடித்ததில்லை.

அந்தப் பெருமையில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மருதமுனை அணி உதைபந்தாட வருகிறது. மைதானமோ வெறும் புழுதி. "புல்லுக்கு நான் தண்ணி தாறன், பச்சைப் பசேலெண்டு ஆக்கித் தாறன்" என்று விளையாட்டுக் கழகக் கூட்டத்தில் ஊரறிய வாக்குக் கொடுத்துவிட்டார்.

நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த இரசாயனவியலாளர் நிறோசா சம்மதிக்கவில்லை.

"விட மாட்டன் நாநா. மருந்துக்குச் சாகாத கிருமிட மரபணு இந்தத் தண்ணியில நிறைய இருக்கு. ஆய்வுகூட முடிவு வந்திட்டு."

"இஞ்ச பாருங்க மிஸ். நிறம் மாறல்ல, மணமில்ல, ருசி…" ஸிராஜ் குவளையை வாயருகே கொண்டுபோனார். நிறோசா வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மூணும் சரியெண்டா தண்ணி சுத்தம் மிஸ். மத்ரஸாவில ஓதினது."

"தொழுகைக்கு முந்திக் கழுவுற உங்கட வுழுச் சட்டத்தில நான் வாய் வைக்க மாட்டன் நாநா. இது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத சாமான். கிருமி செத்தாலும் அதுட மரபணு தண்ணியில கிடக்கும். மருந்துக்குத் தப்புற வித்தை அதிலதான் இருக்கு. மற்றக் கிருமி அத எடுத்துக்கொண்டா அதுவும் மருந்துக்குச் சாகாது." அவள் குவளையை மேசையில் வைத்தாள். "உங்கட மகன் இன்பாஸ்தானே கோல் காக்கிறவர்? புல்லில விழாம எப்பிடிக் காப்பார்? முழங்கால் உரஞ்சி, அந்தப் புண்ணுக்கு மருந்து கேக்காட்டி?"

மகன் பந்துக்குப் பாய்ந்து பாய்ந்து விழுவது ஸிராஜின் கண்முன் வந்தது. வாக்குப் போனாலும் பரவாயில்லை, பிள்ளையின் கால் பெரிது.

அன்றிலிருந்து இருவரும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். மணல் வடிகட்டியைப் புதுப்பித்தார்கள். புற ஊதா விளக்குக்குக் கீழே தண்ணீர் மெதுவாகப் போகும்படி ஓட்டத்தைக் குறைத்தார்கள். அடுத்த முடிவில் மரபணு குறைந்திருந்தது, ஆனால் போதாது.

"விளக்கு அதுட வேலையச் செய்யுது நாநா" என்றாள் நிறோசா. "வாற தண்ணியிலயே மருந்து கிடக்கு. மருந்துக்குள்ள கிருமி வளந்தா, தப்பத் தெரிஞ்சதுதான் பெருகும். வீடுகளில மிச்ச மருந்துக் குளிசைய ஆரோ தண்ணியில கொட்டுறாங்க."

ஸிராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆரந்த அறிவுகெட்ட மனிசர்? நான் பாத்துக்கிறன்!"

அப்போது நோன்புக் காலம். சந்தியிலிருந்த பாமசியில் மிச்ச மருந்து போட ஒரு பெட்டி வைக்க ஏற்பாடு செய்தார். நிரம்பியதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எரிப்பார்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, நிறோசாவையும் கழகத்து இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். குளிசையைக் கக்கூசுக் கொமட்டில் போடுபவர்களுக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியாக அவருடைய வீடு. மனைவி ஸகியா நோன்புப் பெருநாளைக்கு அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். ஒரு கை நிறையக் குளிசைகளோடு அவர் கக்கூசுக்குள் நுழைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் சளாரென்று இறங்கிய சத்தத்தை எல்லோரும் கேட்டார்கள்.

"யா அல்லாஹ்! என்ன புள்ள செய்யிறாய்?"

"என்ன செய்யிறன்? உங்கட கால் புண்ணுக்கு டாக்குத்தர் தந்த குளிசை. ரெண்டு நாள் திண்டுபோட்டு, சுகம் எண்டு விட்டீங்கதானே. குப்பையில போட்டா சின்னப் புள்ளையள் எடுத்துத் திண்டிரும். அதால பெருநாளைக்குப் பெருநாள் இப்பிடித்தான் செய்யிறன்."

"கொமட்டிலயா?"

"நீங்கதானே சொன்னீங்க, 'என்ட தொட்டி எல்லாத்தையும் திண்டு செமிச்சிரும்' எண்டு!"

இளைஞர்கள் நோன்புக் களைப்பையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஸிராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அலுமாரியில் மிஞ்சியிருந்த குளிசைகளை அள்ளிக்கொண்டு, அப்போதே பாமசிக்கு நடந்தார்.

பெட்டி பல தடவை நிரம்பியது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வெகு முன்னரே நல்ல முடிவு வந்தது. நிறோசா தானே குழாயைத் திறந்துவிட்டாள். புல் முளைத்துத் தழைத்தது.

ஆட்டத்தன்று இன்பாஸ் பாய்ந்து பந்தைப் பிடித்து, முழங்கால் உரஞ்ச விழுந்து எழுந்தான். ஸிராஜ் திடுக்கிட்டு நிறோசாவைப் பார்த்தார். அவள் சிரித்தபடி தலையாட்டினாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இடைவேளையில் ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தது.

"மனிசரே, தண்ணியச் சுத்தமாக்குற வேலை என்ட தொட்டியில தொடங்கல்ல, நம்மட வீட்டு அலுமாரியிலதான் தொடங்குது. டாக்குத்தர் சொன்ன மாதிரி மருந்த முழுசா முடிங்க. மிஞ்சினதப் பாமசியில குடுங்க. தொட்டி செமிச்சிரும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க!"

பெண்கள் பக்கமிருந்து ஸகியாவின் குரல் கேட்டது. "அப்பிடிச் சொன்ன ஆள் ஆரெண்டும் சொல்லுங்களன்!"

மைதானமே கொல்லென்று சிரித்தது. ஸிராஜ் ஒலிவாங்கியை இன்னும் கிட்டப் பிடித்தார்.

"நான்தான்! மத்தவன்ட வீட்டுக் கொமட்ட எட்டிப் பாக்க முந்தி, நம்மட வீட்டுக் கொமட்டப் பாக்கோணும்."