காளான் பட்டை

என் அண்ணனை அன்றைக்கு நான் அடிக்காமல் விட்டதற்குப் பொறுமை காரணமில்லை. என் இரண்டு கைகளும் வேலையாக இருந்தன, அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பொறுமையான பெண் என்று என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் வந்துவிடும்.

நான் வேலை செய்யும் பட்டறையில் வண்டிகளுக்குள் கருவிகளைப் பொருத்திக் கொடுக்கிறோம். ஆம்புலன்ஸ், மின்சார ரிப்பேர் வண்டி, ரத்தப் பரிசோதனை வண்டி, எது வந்தாலும் சரி. உள்ளே மாட்டுகிற டார்ச்சும் மீட்டரும் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் விழக்கூடாது. ஆனால் அவசரத்துக்கு ஒரே கையால் எடுக்க வர வேண்டும். அதற்குத்தான் காளான் பட்டை. அது நாங்கள் வைத்த பெயர். பெட்டியில் போட்டிருக்கும் பெயர் யார் வாயிலும் நுழையாது. பின்பக்கம் பசை, முன்பக்கம் நாற்று நட்டது போல நெருக்கமாகக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் காளான்கள். சுவரில் ஒரு துண்டு, கருவியில் ஒரு துண்டு. சேர்த்து அழுத்தினால் காளான் தலைகள் ஒன்றோடொன்று மாட்டி டக் டக்கென்று பிடித்துக்கொள்ளும். நேராக இழுத்தால் குரங்குப் பிடி. மூலையில் விரலை விட்டு மெதுவாக உரித்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றலாம், மாட்டலாம்.

என் தம்பிக்கும் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே கைகால் விறைப்பு. வாயிலிருந்து சத்தம் வரும், சொல் வராது. மூளை மட்டும் எங்கள் மூன்று பேரில் அவனுக்குத்தான் கூர்மை. ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் செய்து கொடுக்கிறான். சக்கர நாற்காலியின் முன்னால் ஒரு மரப்பலகை, அதன்மேல் டேப்லெட். மடங்கிய வலது ஆள்காட்டி விரலின் மொளியால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவான். அது படித்துச் சொல்லும். அண்ணியின் காபியைத் திட்டினாலும் வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில்தான் திட்டும்.

சாப்பிடும்போது அதே பலகையில்தான் தட்டு வைக்க வேண்டும், டேப்லெட்டை எடுத்துச் சார்ஜ் போட வேண்டும். அதனால் நாலு மூலையிலும் பட்டை ஒட்டினேன். கட்டில் பக்கத்திலும் ஜன்னல் ஓரத்திலும்கூட ஒட்டிவைத்தேன், அவன் எங்கே இருந்தாலும் பேச்சும் அங்கே இருக்கட்டும் என்று. எப்படி உரிப்பது என்று அண்ணனுக்கும் அண்ணிக்கும் செய்து காட்டினேன். அண்ணன் சரி சரி என்று தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. தெருவைப் பார்த்த முன்னறை தம்பியுடையது, நாற்காலி ஏற இறங்கச் சரிவு இருப்பது அங்கேதான். அண்ணனுக்கு வேலையிலிருந்து ஓய்வு வரப்போகிறது. அந்த அறையில் டியூஷன் வகுப்பு நடத்த ஆசை. ஆசையை ஆசை என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தம்பியின் நன்மைக்காக அவனை ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறேன் என்றார். அங்கே உன்னை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னார்.

தம்பி நிதானமாகத் தட்டினான். "உன்ன மாதிரி நிறைய பேர் இருக்கற எடத்துக்கு நீ போவியா?"

அண்ணன் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். ஆனால் விடவில்லை. இல்லத்தின் விதிப்படி, சேருகிறவரே தன் சம்மதத்தைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்க அங்கிருந்து ஒரு அம்மா அடுத்த வாரம் வருவார் என்றார்கள். வரட்டும், தம்பியே பதில் சொல்லிக்கொள்வான் என்று நானும் இருந்தேன்.

பட்டையை ஒட்டினால் ஒரு நாள் முழுக்க அதன்மேல் பாரம் ஏற்றக்கூடாது. அடுத்த வாரம் ஒரு நாள், பட்டறையில் இருந்த வண்டிகளுக்கெல்லாம் மத்தியானத்துக்குள் ஒட்டி முடித்துவிட்டோம். பசை இறுகுகிற வரை உங்கள் மூஞ்சியை நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வாசலில் தெரியாத செருப்பு. முன்னறையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா, மடியில் கோப்பு. அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி காபி கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பியின் முன்னால் வெறும் பலகை. மூன்று மூலையில் கறுப்பாகப் பட்டை இருந்தது. நாலாவது மூலையில் வார்னிஷ் பெயர்ந்து மரம் தெரிந்தது.

தம்பி வெறும் பலகையில் தட்டிக்கொண்டிருந்தான். எந்த எழுத்து எங்கே இருக்கும் என்று அவன் விரலுக்குத் தெரியும். இல்லாத எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினான், திரும்பத் திரும்ப அதே இடங்களில்.

இவர் என்ன செய்கிறார் என்று அந்த அம்மா கேட்டார்.

"சந்தோஷம் வந்தா இப்படித்தான் தட்டுவான்" என்றார் அண்ணன். "அவனுக்கு முழு சம்மதம்தாம்மா. கண்ணப் பாத்தே நான் புரிஞ்சுக்குவேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டேப்லெட் எங்கே என்றேன். சார்ஜில் இருக்கிறது என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சார்ஜர் வயர் பிளக்கில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்றால் சோறாவது கொஞ்சம் இருக்க வேண்டாமா?

சமையலறைப் பரணில், பெரிய டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. சார்ஜ் நிறைய இருந்தது. ஒரு மூலையில் இரண்டு துண்டுப் பட்டையும் ஒட்டியபடியே இருந்தன, பலகையின் வார்னிஷோடு சேர்ந்து. உரிக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்து நேராகப் பிடுங்கியிருக்கிறார். பின்னாலேயே வந்த அண்ணி, தான் வேண்டாமென்றுதான் சொன்னதாக முணுமுணுத்தார். அண்ணன் குள்ளம். அவர் பரணுக்கு எட்ட ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது யார் என்று கேட்டேன். அண்ணி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கொண்டுவந்து பலகையில் வைத்து அழுத்தினேன். மூன்று மூலை பிடித்துக்கொண்டது. நாலாவது பிடிக்கவில்லை, பசையெல்லாம் தூசி. தம்பி தட்டுகிற தட்டுக்கு அந்த மூலை தூக்கிக்கொண்டு ஆடியது. புதுப் பட்டை ஒட்டினால் நாளைக்குத்தான் தாங்கும். அதனால் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையை மேலேயும் ஒரு கையை அடியிலும் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். பிடுங்கியபோது அவன் மணிக்கட்டில் டேப்லெட் உரசிய இடம் சிவந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தேன். நான் கையை எடுத்திருந்தால் அண்ணன் கன்னத்தில்தான் இறங்கியிருக்கும்.

அந்த அம்மா தன் நாற்காலியைத் தம்பியின் பக்கம் திருப்பினார். "எங்க இல்லத்துக்கு வர உங்களுக்குச் சம்மதமா?"

தம்பி தட்ட ஆரம்பித்தான். அவனுக்கு நேரமாகும், உங்களுக்கு வேறு வேலை இருக்குமே என்றார் அண்ணன். தனக்கு அவசரமில்லை என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு அறையில் தட்டுகிற சத்தம் மட்டும்தான். அண்ணன் நடுவில் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். நான் அவரைப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டார்.

பிறகு வானிலை அறிக்கைக் குரல் சொன்னது: "எனக்கு சம்மதம் இல்ல. என் வாயப் புடுங்கிப் பரண்ல வச்சிட்டுத்தான் உங்கள உள்ள கூப்பிட்டாங்க."

அந்த அம்மா கோப்பை மூடினார். காபியைக் குடிக்கவில்லை. தம்பியிடம் தனியாகச் சொல்லிக்கொண்டு, அண்ணனிடம் இனி இவரே அழைத்தால்தான் வருவேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் அண்ணன் ஆரம்பித்தார். வெளி ஆள் முன்னால் மானம் போய்விட்டதாம். நாற்பது வருஷமாகத் தூக்கிச் சுமந்ததற்கு இதுதான் கூலியாம். தூக்கினது செத்துப்போன எங்கள் அம்மாவும் நானும். இவர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார், அதுவும் சில நாள். வாயில் வந்ததையெல்லாம் நானும் சொன்னேன். கடைசியில் அவர் ஒன்று சொன்னார்.

"எப்ப வேணா கழட்டலாம்னு நீதானே மாட்டின? கழட்டினேன். அதுக்கு என்ன இப்ப?"

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். அந்த வார்த்தை என்னைத் தின்றது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறேன். வண்டிக்குப் போடுவதை வாய்க்குப் போட்டிருக்கிறேன். அந்த மனுஷன் வருகிற போகிறபோதெல்லாம் தம்பியின் பேச்சைப் பிடுங்கிப் பரணில் போடலாம், வழி செய்து கொடுத்தவள் நான்.

என் பையில் பேட்டரி டிரில் இருந்தது, போல்ட் இருந்தது, இரும்புக் கிளிப் இருந்தது. நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, கிளிப்பை வைத்து முடுக்கிவிட்டால் ஸ்பேனர் இல்லாமல் எவனாலும் அசைக்க முடியாது. மடமடவென்று வேலையைத் தொடங்கினேன். முதல் ஓட்டையிலேயே பலகை அதிர்ந்தது, மரத்தூள் தம்பியின் மடியெல்லாம் கொட்டியது. டிரில் இரைச்சலுக்கு மேலே நான் அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இனி எவன் கழற்றுகிறான் பார்க்கிறேன், கழற்றுகிற கையை இதே டிரில்லால் என்றெல்லாம்.

இரண்டாவது ஓட்டை முடிந்து டிரில்லை நிறுத்தியபோதுதான் கேட்டது.

"நிறுத்து. நிறுத்து. நிறுத்து."

ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"உனக்காகத்தான்டா பண்றேன்" என்றேன்.

அவன் தட்டினான். "அவன் கேக்காமப் புடுங்கினான். நீ கேக்காம ஓட்ட போடற."

அவனும் நானும் ஒன்றா என்று கத்தினேன். உண்மையிலேயே கத்தினேன், அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தம்பி பதிலுக்கு அவசரப்படவில்லை. அவன் எழுதி முடிக்கிற வரை என் கோபம் நின்றுகொண்டே இருந்தது, உட்கார இடமில்லாமல்.

"தூங்கும்போது இது என் முன்னாடி இருக்கக் கூடாது. சாப்பிடும்போது கூடாது. உன் பேச்சு போரடிச்சா கூடாது. மாட்டறதும் கழட்டறதும் நான் சொல்லித்தான் நடக்கணும்."

டிரில்லைப் பையில் போட்டேன். மரத்தூளைத் துணியால் தட்டிவிட்டேன். அண்ணன்மேல் இருந்த கோபத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. இப்போது என்மேலும் சேர்ந்துகொண்டது. நாலாவது மூலையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் புதுத் துண்டு ஒன்றை வெட்டி, பின்பக்கத் தாளை உரித்தேன். குனிந்து ஒட்டப் போனவள் நிமிர்ந்தேன்.

"ஒட்டவா?"

தம்பி என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். தாள் உரித்த பசை காற்றில் கிடந்தால் தூசி ஏறும், பிடிமானம் கெடும். பட்டறையில் இந்நேரம் ஒட்டி அழுத்தி அடுத்த வண்டிக்குப் போயிருப்பேன். அவன் விரலைத் தூக்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.

"யோசிச்சுச் சொல்றேன்."

பட்டை என் விரலில் ஒட்டிக்கொண்டது. நான் அப்படியே நின்றேன்.